பரஸ்தானம் வைத்த பெட்டி

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த மனிதரிடம், "அந்த ஊருக்கு எவ்வளவு நேரமாகும்?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் லேசில் விடமாட்டார். நாகர்கோவில் என்றால் அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். களியக்காவிளையில் லாரிகள் அடைத்துக்கொண்டால் இரண்டே முக்கால். ஜன்னல் சீட்டு வேண்டுமானால் ஐந்தரை வண்டிக்குப் போகவும் என்பது வரை வரும். பணி ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் ஸ்ரீகண்டனுக்கு அந்த வியாதி தீரவில்லை. கரமனை அக்ரஹாரத்தில் வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அவரும் பதிலைச் சொல்வதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்வார்.

இவருடைய ஒரே பெண் மாளவிகா. இருபத்தேழு வயது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் ஐந்து வருஷம் மாரடித்துவிட்டு, இப்போது அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் வேலை வாங்கியிருந்தாள். சேதி வந்த அன்றைக்கு அம்மா ஜெயலக்ஷ்மி சுவாமிக்கு விளக்கேற்றினாள். அப்பா தூரம் பார்த்தார். திருவனந்தபுரத்திலிருந்து டப்ளினுக்கு ஆகாய வழியில் எட்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். நேர் விமானம் இருந்தால் பதினோரு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் நேர் விமானம் கிடையாது. துபாயில் இறங்கி மாறவேண்டும். துபாய் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர், நாலு மணி பத்து நிமிஷம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குக் கீழே ஒட்டிவைத்துக்கொண்டார். போகிறவளைவிட அவருக்குத்தான் பயணக் களை வந்துவிட்டது.

திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். வியாழன் வரை பழைய கம்பெனி விடாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சந்திராஷ்டமம். மிச்சம் வெள்ளிக்கிழமை ஒன்றுதான், அதற்கும் ஒரு குறை இருந்தது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். சூலம் இருக்கிற திசையில் அந்த நாளில் பயணம் கூடாது. விமானமோ கிளம்பின கையோடு மேற்கே திரும்பி அரபிக்கடலுக்கு மேல்தான் போகும்.

"அதுக்கென்ன, வாயில ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுண்டு கிளம்பினாப் போறது. எங்க அப்பா அப்படித்தான் பண்ணுவார்" என்றாள் ஜெயலக்ஷ்மி. அவள் சொன்னதும் சாஸ்திரந்தான். மேற்குச் சூலத்துக்கு வெல்லம் பரிகாரம் என்று காலண்டரின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது.

ஸ்ரீகண்டனுக்கு அது பற்றவில்லை. "இதோ இருக்கற நெய்யாற்றின்கரைக்குப் போறதுக்கு வெல்லம் போறும். எட்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு துண்டு வெல்லமாடி?" என்று கேட்டார். தூரத்துக்குத் தக்கபடி பரிகாரமும் நீளவேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று முடிவு கட்டினார். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள் தங்கள் பெட்டியை மட்டும் நல்ல நாளில் புறப்பட வைப்பதற்குப் பெயர் பரஸ்தானம். போகிற திசையில் வேறொருவர் வீட்டில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை.

விமானத்தையும் அவர்தான் மாற்றினார். ஒரே டிக்கெட்டில் டப்ளின் வரை போகிற விமானம் ஒன்று இருந்தது. பெட்டியை இங்கே போட்டால் அங்கே எடுத்துக்கொள்ளலாம், நடுவில் தொடவே வேண்டாம். ஆனால் அது கிளம்புவது பத்து ஐம்பதுக்கு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். ஆகவே ஒன்பது இருபத்தைந்துக்குக் கிளம்பும் வேறு விமானத்தில் துபாய் வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து டப்ளினுக்கு வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட். துபாயில் மாளவிகா வெளியே வந்து, பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை தாண்டி, மறுபடியும் உள்ளே போய்ப் பெட்டியைப் போடவேண்டும். அதற்கு விசாவும் எடுத்தாயிற்று. ராகுவுக்குப் பயந்து இத்தனை சுற்று.

மாளவிகா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பெட்டியைப் பரஸ்தானம் வைக்கவேண்டும் என்றபோதுதான் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, ஏர்போர்ட்ல கேப்பா, கேட்டேளா? பெட்டியை நீயேதான் அடுக்கினியா, உன் கண்ணுலேர்ந்து விலகாம இருந்துதான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"ஆமான்னு சொல்லு. நீதானே அடுக்கினே? யாராத்துல ரெண்டு நாள் இருந்துதுன்னு அவாளுக்கு என்னத்துக்கு?" என்றார் ஸ்ரீகண்டன். "எத்தனை வாட்டி கேட்டாலும் ஆமான்னே சொல்லு. கவுண்டர்ல நின்னுண்டு கதை சொன்னா ஆயிரம் கேள்வி வரும். எனக்குத் தெரியாதா கவுண்டர்?"

அவள் சிரித்தாள். அப்பாவோடு தர்க்கம் பண்ணுவதைவிட ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவது எளிது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கரமனைக்கு மேற்கே, விமான நிலையம் போகிற வழியில், ஆரியசாலையில் பார்வதியம்மாளின் வீடு இருந்தது. முன்பக்கம் பலசரக்கு மொத்தக் கடை, பின்பக்கம் வீடு. ஜெயலக்ஷ்மி முப்பது வருஷமாக மாதச் சாமான் வாங்குவது அங்கேதான். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். புருஷன் போனபிறகு ஒற்றை மனுஷியாகக் கடையை நடத்துகிறவள், கை தாராளம், வாயும் தாராளம். மாளவிகாவைச் சின்ன வயதிலிருந்தே மடியில் உட்காரவைத்துக் கற்கண்டு கொடுத்தவள். புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் பெட்டி அங்கே போய்ச் சேர்ந்தது. எண் பூட்டுப் போட்ட பெரிய துணிப் பெட்டி. உள்ளே இருப்பதற்கெல்லாம் பூட்டு உண்டு. முன்பக்கத்து ஜிப் பைக்கு மட்டும் பூட்டுக் கிடையாது. அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் டாக்ஸியை ஆரியசாலையில் நிறுத்தி, பெட்டியை எடுத்துக்கொண்டு, பார்வதியம்மாளின் கையால் நெற்றியில் குங்குமமும் வாங்கிக்கொண்டு போனார்கள். விமான நிலையத்தில் பெற்றவர்களுக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் இடம். மாளவிகா உள்ளேயிருந்து ஃபோன் பண்ணினாள்.

"அப்பா, ஆத்துல தூக்கிப் பாத்தப்போ இருபத்திரண்டு கிலோ தொள்ளாயிரந்தானே இருந்தது? இங்க இருபத்துமூணு நானூறு காட்றது."

ஸ்ரீகண்டனுக்கு அரைக் கிலோ எங்கேயிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுத் தராசு சாலைக் கடைத்தெருவில் வாங்கின மட்டச் சரக்கு என்று அதன்மேல் பழியைப் போட்டார். இருபத்துமூன்று கிலோதான் கணக்கு என்றாலும் கவுண்டர்ப் பெண் நல்லவள், விட்டுவிட்டாளாம். அந்தக் கேள்வியையும் கேட்டாளாம். "நீங்க சொன்ன மாதிரியே ஆமான்னுட்டேன்" என்றாள் மாளவிகா. சமர்த்து என்றார் இவர். துபாயில் இறங்கினால் முதலில் பெட்டி, பிறகு வெளியே, பிறகு அடுத்த கவுண்டர், அதற்கப்புறம்தான் ஃபோன், வழியில் நின்று ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தால் அடுத்த விமானம் போய்விடும் என்று நூறாவது தடவையாகச் சொன்னார். சரிப்பா, சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. விமானம் எங்கே போகிறதென்று காட்டும் ஆப் ஒன்றை மாளவிகா அவருடைய ஃபோனில் போட்டுக் கொடுத்திருந்தாள். கடலுக்கு மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்தது. போன தூரம், மீதித் தூரம், மீதி நேரம் எல்லாம் எண்ணில் வந்தன. ஸ்ரீகண்டனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆட்டோவில் வரும்போதே ஜெயலக்ஷ்மிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தார். அவள் பெண் போன வெறுமையில் உம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

பெட்டிக்கு இடம் கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகலாமா? ஆட்டோவை ஆரியசாலையில் நிறுத்தி இரண்டு பேரும் கடைக்குள் ஏறினபோது பத்து முப்பத்தைந்து.

"பிள்ள கேறியாச்சா சாமி?" என்று பார்வதியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஸ்ரீகண்டன் ஃபோனைக் காட்டினார். எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டர் போயிருந்தது, இரண்டாயிரத்து நூறு மிச்சம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மஞ்சள் பொட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஜெயலக்ஷ்மி பக்கம் திரும்பினாள்.

"மாமி, பிள்ள அங்க போய்ச் சேந்ததும் சொல்லணும், மறந்திராதீங்க. பெட்டிக்க முன்னாடி ஜிப்புல ஒரு பொதி வச்சிருக்கேன். ரெண்டு ராத்திரி நம்ம வீட்டுல தங்கின பெட்டியில்லா, வெறுமனே அனுப்ப மனசு வரல்ல. அரைக் கிலோ கசகசா. முதல் தரம். குளிர் ஊரு, தூக்கம் பிடிக்காது. பால்ல அரைச்சுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்த பாத்திரத்தைக்கூட வெறுமனே திருப்பி அனுப்பாத கை அது. ஜெயலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்ரீகண்டனுக்கு அந்த அரைக் கிலோ எங்கேயிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. வீட்டுத் தராசைத் திட்டினதற்காக மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

கடையின் பின்னால் மல்லி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த இசக்கியின் கை நின்றது. வள்ளியூர்க்காரன், நாற்பது வயது இருக்கும். துபாயில் ஹோட்டலில் ஆறு வருஷம் சமையல் பார்த்துவிட்டு வந்து இங்கே கடையோடு சேர்ந்துகொண்டவன். கோணூசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தான்.

"ஆச்சி, கசகசாவா வச்சிய?" என்று கேட்டான். "சாமி, பிள்ளை எந்த வழியாப் போகுது?"

துபாய் வழியாக என்றார் ஸ்ரீகண்டன். இசக்கியின் முகம் போன போக்கைப் பார்த்துப் பார்வதியம்மாள், ஏம்டே, என்ன என்றாள். அவன் சொன்னான். அந்த நாட்டில் கசகசா அபினோடு சேர்த்தி. கடையில் விற்கக் கூடாது, கையில் வைத்திருக்கக் கூடாது, உள்ளே கொண்டுவரவே கூடாது. நம் ஊர்ப் பாயசத்தில் போடுவது என்று அழுதாலும் கேட்கமாட்டார்கள். அவனோடு ஒரே அறையில் இருந்த களியக்காவிளைப் பையன் ஒருத்தனுக்கு அம்மா கறி மசாலாவோடு ஒரு பொட்டலம் வைத்து அனுப்பியிருக்கிறாள். வேண்டுமென்று கொண்டுவரவில்லை என்று நிரூபித்து அவன் வெளியே வர ஐந்து மாதம் ஆயிற்றாம். அந்த ஐந்து மாதமும் அவன் எங்கே இருந்தான் என்பதை இசக்கி சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"எப்படிப் பொதிஞ்சிய ஆச்சி?" என்று கடைசியாகக் கேட்டான்.

சிந்தாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு, பேப்பர் சுற்றி, பிரவுன் டேப்பால் நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். இசக்கி தலையில் கை வைத்துக்கொண்டான். பார்வதியம்மாள் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் நல்லதுக்குத்தானே வச்சேன், நல்லதுக்குத்தானே வச்சேன் என்று இரண்டு தடவை சொன்னாள். நல்லதுக்குச் செய்கிறதுதான் சில சமயம் குடியைக் கெடுக்கிறது, அதற்கு அவளை என்ன சொல்ல?

ஸ்ரீகண்டன் ஒரு கொம்பைப் பிடித்துத் தொங்கப் பார்த்தார். துபாயில் மாறத்தானே போகிறாள், பெட்டி ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு நேராகப் போய்விடாதா என்றார். சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கே நினைவு வந்துவிட்டது. ஜெயலக்ஷ்மி விடவில்லை.

"நேராப் போற டிக்கெட்டை வேண்டாம்னது யாரு?" என்றாள். குரல் உயரவில்லை. முப்பது வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

இனி என்ன செய்வது? மாளவிகாவின் ஃபோன் அணைந்திருந்தது. வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால், எதையும் விவரமாக எழுதாதீர்கள், ஃபோனை வாங்கிப் பார்த்தால் அதுவே வினையாகும் என்றான் இசக்கி. கடைசியில் ஜெயலக்ஷ்மி, இறங்கினதும் பெட்டியைத் தொடாமல் உடனே கூப்பிடு என்று மட்டும் எழுதி அனுப்பினாள். ஒற்றைச் சாம்பல் டிக் விழுந்தது. அது இரண்டாக வேண்டுமானால் அவள் அங்கே இறங்கி, விமான நிலையத்து வைஃபையைத் தேடிப் பிடிக்கவேண்டும். வழியில் ஃபோனை நோண்டாதே என்று சொல்லி அனுப்பியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு வழி, விமானக் கம்பெனியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்வது. இப்போதே சொன்னால் ஆகாயத்திலேயே அவளுக்குத் தகவல் போகலாம். அவள் இறங்கினதும் நேரே அதிகாரிகளிடம் போய், எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள், இதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று தானே முன்வந்து சொல்லலாம். தானாகச் சொன்னவளுக்கும் பிடிபட்டவளுக்கும் வித்தியாசம் உண்டு என்றாள் ஜெயலக்ஷ்மி. இசக்கிக்கு அது நிச்சயமில்லை. சொன்னால் கட்டாயம் பெட்டியைத் திறப்பார்கள். சொல்லாவிட்டால் திறக்காமல் விட்டாலும் விடலாம், எத்தனையோ பெட்டி போகிறது என்றான். ஆனால் சொல்கிறதென்றால் நிறைய நேரம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள் சாமி, அரைகுறையாகச் சொல்லாதீர்கள் என்றும் சொன்னான். படிக்காதவன் சொன்னதில் அத்தனை புத்தி இருந்தது.

ஸ்ரீகண்டன் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்து ஐம்பது.

"பன்னெண்டு ஆகட்டும்" என்றார்.

ஜெயலக்ஷ்மிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, ஏன்னா, இதிலுமா என்றாள். ராகு காலத்தில் தொட்ட காரியம் எது உருப்பட்டிருக்கிறது, விமானம் இறங்க ஒன்றரைக்கு மேல் ஆகும், பன்னிரண்டுக்குச் சொன்னாலும் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது, நேரத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதே என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். உள்ளபடி சொன்னால், மனுஷருக்குப் பயம். தன் வாயால் தன் பெண்ணைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடுமோ என்ற பயம். பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, ராகுவின் தலையில் போட்டார். அந்தக் கிரகத்துக்கு ஏற்கெனவே கெட்ட பெயர்தானே. ஜெயலக்ஷ்மியிடம் அந்தக் கம்பெனியின் நம்பர் இல்லை. டிக்கெட் காகிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் பையின்மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்த எழுபது நிமிஷமும் கடை தன்பாட்டுக்கு நடந்தது. ஒருவர் வந்து மிளகு கேட்டார். ஒரு ஹோட்டல்காரர் வந்து நூறு கிராம் கசகசா கேட்டார். திறந்த மூட்டையிலிருந்து இசக்கி அள்ளி நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். வெளுப்பாக, கடுகில் பாதிகூட இல்லாத மணிகள். ஹோட்டல்காரர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார், யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஜெயலக்ஷ்மி அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் விமானம் கடலின்மேல் நகர்வது கண்ணுக்குத் தெரியவே இல்லை, எண்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. ஆயிரத்து எழுநூறு. ஆயிரத்து முந்நூறு. தம்பானூரில் இருபத்தாறு வருஷமும் வண்டி சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்றே வேண்டிக்கொண்டவர், முதல் தடவையாக ஒரு வண்டி போய்ச் சேராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்படி வேண்டிக்கொண்ட கையோடு, அப்படியில்லை பகவானே, பத்திரமாக இறங்கட்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷமாயிற்று. கூப்பிட்டார். பாட்டுப் போட்டார்கள். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், மூன்றை அழுத்தச் சொன்னார்கள், மறுபடியும் பாட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம், எத்தனை பேர் கூப்பிடுகிறார்களோ. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு பெண் குரல் மலையாளத்தில் வந்தது. பதவிசான பெண்தான். ஸ்ரீகண்டன் முன்னுக்குப் பின் முரணாக எல்லாவற்றையும் கொட்டினார். பெட்டியை வேறு யாராவது தொட்டார்களா என்று அவள் கேட்டாள். ஆமாம், இரண்டு நாள் வேறொருவர் வீட்டில் இருந்தது, அவர்கள்தான் வைத்தார்கள், என் பெண்ணுக்குத் தெரியாது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவள் எழுதிக்கொண்டாள். விமானம் இறங்கத் தொடங்குகிற நேரம் ஆகிவிட்டது, இனி உள்ளே தகவல் கொடுப்பது கஷ்டம், ஒரு மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் பார்த்திருக்கலாம் என்றாள். துபாயில் தரையில் இருக்கிற ஆட்களுக்குச் சொல்லுகிறேன், அவர்கள் அங்கே சொல்லவேண்டியவர்களிடம் சொல்வார்கள் என்றாள். சொல்லவேண்டியவர்கள் யார் என்று ஸ்ரீகண்டன் கேட்கவில்லை.

ஜெயலக்ஷ்மி எதிரே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் என்ற சொல் அவள் காதில் விழுந்தது.

ஒன்று முப்பத்தைந்துக்கு மஞ்சள் விமானம் துபாயில் நின்றது. அங்கே மணி பன்னிரண்டு ஐந்து. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. ஒற்றை டிக் ஒற்றையாகவே இருந்தது. பெண் அப்பா சொல் தட்டாமல் முதலில் பெட்டிக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டு மணி. இரண்டரை. பார்வதியம்மாள் கடைக் கதவைப் பாதி இறக்கச் சொன்னாள். யாரும் சாப்பிடவில்லை. இசக்கி வாங்கிவந்த டீ ஆடை படிந்து கிடந்தது. ஒன்றும் ஆகியிருக்காது சாமி, வரிசையில் நிற்கும் என்று அவன் சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்ரீகண்டன்கூட, வரிசை என்றால் நாற்பது நிமிஷம், பெட்டி வர இருபது, மறு கவுண்டர் இன்னொரு இருபது என்று கூட்டிப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் மூன்று மணிக்குள் அவள் கூப்பிட்டிருக்கவேண்டும்.

மூன்றேகாலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போடத் தெரியாமல் அவர் தடுமாற, ஜெயலக்ஷ்மி போட்டுக் கொடுத்தாள்.

"அப்பா." குரல் மாளவிகாவுடையதுதான். ஆனால் அதில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, எதையோ கவனமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற குரல். "ஒரு நிமிஷந்தான் பேச விட்டிருக்கா. கேளுங்கோ. பெட்டியை எடுத்துண்டு வந்தப்போ ஒரு ஆபீசர் தனியா அழைச்சுண்டு போனா. இதை நீயேதான் அடுக்கினியான்னு கேட்டா. ஆமான்னேன். வேற யாரும் தொடலியேன்னு கேட்டா. இல்லைன்னேன். மூணு வாட்டி கேட்டா, நீங்க சொன்ன மாதிரி மூணு வாட்டியும் அதையே சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கிண்டா. அப்புறந்தான் ஜிப்பைத் திறந்தா."

பின்னால் ஓர் ஆண் குரல் ஏதோ சொன்னது. அவள் ஆங்கிலத்தில் ப்ளீஸ் என்றாள்.

"இப்போ கேக்கறா, அப்படின்னா பெட்டி வேற ஆத்துல இருந்துதுன்னு உங்கப்பா ஏன் ஃபோன் பண்ணிச் சொன்னார்னு. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றேள்னு கேக்கறா. எதுக்காக ரெண்டு நாள் அங்க வெச்சேள்னு கேக்கறா. நான் என்னப்பா சொல்லட்டும்?"

இருபத்தாறு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் பதில் சொன்ன மனிதர் வாயைத் திறந்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்று ஓர் அந்நிய நாட்டு அதிகாரிக்கு எந்தப் பாஷையில், எங்கேயிருந்து தொடங்கிச் சொல்வது? சொல்லவேண்டிய முதல் வார்த்தைக்காக அவர் கண், பழக்கதோஷத்தில், சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. மூன்று பதினாறு. எமகண்டம்.

அவர் பார்ப்பதை ஜெயலக்ஷ்மி பார்த்தாள். எட்டி அவர் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "மாளு, நான் சொல்றேன், உள்ளதை அப்படியே சொல்லு" என்றாள். அதற்குள் அந்த ஒரு நிமிஷம் முடிந்து, லைன் துண்டாகியிருந்தது.